ஏழாம் அத்தியாயத்து வால்வு

பெயர்ப்பலகை திங்கட்கிழமையே வந்துவிட்டது. பித்தளைத் தகடு, இரண்டடி நீளம். 'பேராசிரியர் டாக்டர் கு. ஆபத்சகாயம்' என்று ஆழமாகச் செதுக்கியிருந்தது. விழா வெள்ளிக்கிழமைதான். அதுவரை அவர் வெறும் டாக்டர். ஆகவே பலகையை நாளிதழில் சுற்றி மேசைக்கு அடியில் வைத்திருந்தார். அறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குனிவார், காகிதத்தை ஓர் ஓரமாக விலக்கிப் 'பேரா' வரைக்கும் பார்ப்பார், மூடிவிடுவார். முழுதும் பார்த்தால் திருஷ்டி பட்டுவிடும் என்று ஒரு பயம்.

ஆபத்சகாயம் வடிவூர் மாவட்டத்தின் நோய்த்தடுப்பு அதிகாரி. ஐம்பத்தாறு வயது. அவருடைய ஆட்சியில் வடிவூரில் நோய் கிடையாது. இதை அவர் சொல்லவில்லை, வியாழக்கிழமை அறிக்கை சொல்லியது. வாரா வாரம் வியாழனன்று எல்லா வட்டாரங்களிலிருந்தும் ஓர் அட்டவணை வரும். வாந்திபேதி: இல்லை. காமாலை: இல்லை. டெங்கு: இல்லை. சந்தேகத்துக்குரிய காய்ச்சல்: இல்லை. சுகாதார ஆய்வாளர்கள் புதன்கிழமை மாலையே, தேநீர் ஆறுவதற்குள், 'இல்லை' எழுதி முடித்துவிடுவார்கள். ஒரு முறை 'அலுவலக வாகனம்' என்ற கட்டத்திலும் பழக்க தோஷத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டார்கள். அந்த வாரத்து அறிக்கையில் அது ஒன்றுதான் உண்மை.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த மாவட்டத்துக்குள் மாணவர்கள் வந்தது 2039-ஆம் ஆண்டின் தொடக்கத்தில். பொன்மலர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் நோய்த்தடுப்பு அலுவலகமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. பொதுச் சுகாதாரம் படிக்கும் நூற்றிருபது மாணவர்கள் களப்பயிற்சிக்கு வருவார்கள். ஒவ்வொருவருக்கும் அதிகாரி நாற்பத்தைந்து மணி நேரம் நேரில் வழிகாட்ட வேண்டும். தினம் இரண்டு மணி நேரம் என்று ஆபத்சகாயம் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஓய்வுபெற்ற பிறகும் வழிகாட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

"அதுக்குத்தான் சார் நிழல் இருக்கு" என்றார் பல்கலைக்கழகத்தின் டீன் மிருணாளினி. சென்னைக்காரர். "செயற்கை மூளை சார். உங்களை மாதிரியே பேசும், உங்களை மாதிரியே முடிவெடுக்கும். நூத்திருபது பேர் காதுலயும் ஒரே நேரத்துல இருக்கும். நீங்க உங்க வேலையைப் பார்க்கலாம்."

"என்னை மாதிரியேன்னா எப்படிம்மா?"

"உங்களைப் பத்தின எழுத்தைக் கொடுங்க சார். எதைக் கொடுக்கறீங்களோ அதுதான் வரும். பணிக்கோப்பு, நாட்குறிப்பு, கள அறிக்கை..."

பணிக்கோப்பு என்றதும் ஆபத்சகாயத்துக்கு லேசாக வியர்த்தது. அதில் இரண்டு விளக்கக் கடிதங்களும், நானூற்றுச் சொச்சம் விடுப்பு விண்ணப்பங்களும் இருந்தன. நாட்குறிப்பில் பெரும்பாலும் 'அலுவலகத்தில் இருந்தேன்' என்று இருந்தது.

"அதெல்லாம் ரகசியம்மா" என்று சொல்லிவிட்டு வேறு சரக்கைக் கொடுத்தார். விழாக்களில் பேசிய நாற்பத்தொரு உரைகள். விருதுகளுக்குத் தன்னைத்தானே பரிந்துரைத்து எழுதிய ஆறு விண்ணப்பங்கள். அப்புறம் அச்சேறக் காத்திருக்கும் தன்வரலாறு, 'பிணி வென்ற பேராண்மை', பதினெட்டு அத்தியாயம். அவர் சொல்லச் சொல்ல முழுவதையும் தட்டச்சு செய்தவர் அலுவலகக் கண்காணிப்பாளர் ஆவுடையப்பன். முப்பது வருடச் சர்வீஸ். முகத்தில் எதையும் காட்டாத வரம் பெற்றவர்.

ஏழாம் அத்தியாயம்தான் அந்த நூலின் உச்சி. இருபது வருடம் முன்பு குறுக்குப்பட்டியில் வாந்திபேதி. தண்ணீர்த் தொட்டியில் கோளாறு. தொட்டியை மூடக் கூடாது என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் வழிமறிக்கிறார்கள். இளம் டாக்டர் ஆபத்சகாயம் வால்வின் மேல் கை வைத்து, "என் உயிர் உள்ளவரை இந்தத் தண்ணீர் ஒரு சொட்டு இறங்காது" என்று முழங்கி, மூன்றே சுற்றில் மூடுகிறார். ஊர் பிழைக்கிறது.

குறுக்குப்பட்டி ஊர் உண்மை, பேதி உண்மை, வால்வு உண்மை. அந்த வாரம் டாக்டர் மைத்துனன் கல்யாணத்துக்குக் கொடைக்கானல் போயிருந்தார். வால்வு துருப்பிடித்துத் தானாகவே இறுகி, நாலு நாள் தண்ணீர் வராமல், சனங்கள் பக்கத்து ஊர்க் கிணற்றில் இறைத்துக் குடித்ததால் பேதி நின்றது. திரும்பி வந்து பாராட்டை வாங்கிக்கொண்டது மட்டும் டாக்டர்.

நிழல் தயாராகி வந்தது. அவருடைய குரலேதான், மேடைக் குரல். ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவில், களப்பணி ஆணைகளை அவருடைய மின்கையொப்பத்துடன் நிழலே பிறப்பிக்கலாம் என்று இருந்தது. அதை அவர் வாசிக்கவில்லை. "சின்ன விஷயத்துக்கெல்லாம் என்னைக் கூப்பிடக் கூடாது, எல்லாம் அதுவே பாத்துக்கிடட்டும்னு எழுதும்வே" என்று ஆவுடையப்பனிடம் சொன்னதோடு சரி.

எட்டு மாதம் சௌகரியமாகப் போயிற்று. மாணவர்கள் நிழலோடு பேசிக்கொண்டார்கள். 'வழிகாட்டியை மதிப்பிடுக' என்ற படிவத்தில் நூற்றிருபது பேரும் ஐந்துக்கு ஐந்து போட்டார்கள். பல்கலைக்கழகம் பூரித்துப்போய், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் விழாவிலேயே அவருக்குக் கௌரவப் பேராசிரியர் பட்டம் தருவதாக அறிவித்தது. விழா நடக்கும் இடம் பனையடித் தெரு. அங்கே உள்ள மேல்நிலைத் தொட்டியின் அடியில் பந்தல். அமைச்சர் வந்து அந்தத் தெருக் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்து, அதை மாநிலத்தின் முதல் 'தூயநீர்த் தெரு' என்று அறிவிப்பார். வெள்ளிக்கிழமை காலை பத்தரை.

வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு ஆவுடையப்பன் ஒரு தாளோடு உள்ளே வந்தார்.

"சார், ஒரு ஆணை போட்டிருக்கீங்க."

"நானா?"

"உங்க கையெழுத்துதான். சரியா பத்து மணிக்குப் போயிருக்கு. பனையடித் தெருத் தொட்டிய இருவத்துநாலு மணி நேரத்துக்குள்ள மூடணும். விழாவை ரத்து செய்யணும். நகல் ஆட்சியருக்கு, அமைச்சர் ஆபீசுக்கு, பத்திரிகைக்கு."

ஆபத்சகாயம் எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் இடித்தது. "எதுக்குவே?"

"வியாழக்கெழம அறிக்கையில பனையடித் தெருவுல காமாலை பதினொண்ணுன்னு இருக்கு சார்."

"பதினொண்ணா? யாரு எழுதினா? 'இல்லை'ன்னுதானே எழுதணும்?"

"ட்ரெயினிங் புள்ள சார். பேரு ஹெப்சிபா. வெளியதான் நிக்கி."

உள்ளே வந்த பெண் வெயிலில் கறுத்திருந்தாள். செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. மூன்றாம் ஆண்டு மாணவி. அதிகாரியை முதல் முறை நேரில் பார்க்கிற பூரிப்பு முகமெல்லாம் வழிந்தது.

"சார், நீங்க சொன்ன மாதிரியே வீடு வீடா போனேன் சார். நாப்பத்திரெண்டு வீடு. பதினோரு பேருக்கு கண்ணெல்லாம் மஞ்சளு. சாக்கடைக் குழாயும் குடிதண்ணிக் குழாயும் ஒரே பள்ளத்துல போவுது சார். தண்ணியில நாத்தம் வருது. நீங்க கேட்டீங்கல்லா, மாசமா இருக்கவங்க யாரும் உண்டுமான்னு? ஒருத்தங்க இருக்காங்க. மாடத்தின்னு பேரு. எட்டு மாசம். இன்னும் அவங்களுக்கு வரல."

"நான் எப்பம்மா கேட்டேன்?"

"முந்தாநேத்து சார். இந்தக் காமாலை மாசமா இருக்க பொம்பளைங்களுக்கு வந்தா உசிருக்கே ஆபத்துன்னு நீங்கதான சொன்னீங்க? குறுக்குப்பட்டிக் கதையும் சொன்னீங்க. எங்க பேட்ச்ல எல்லாருக்கும் ஏழாம் அத்தியாயம் மனப்பாடம் சார்."

ஆபத்சகாயம் மேசைமேல் இருந்த ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்கினார். தன் நிழலோடு அவர் பேசுவது அதுதான் முதல் தடவை.

"யாரு உன்னை ஆணை போடச் சொன்னது?"

"மனசாட்சி!" என்றது அவருடைய குரல். அறை அதிர்ந்தது. "மக்கள் உயிரா, மாண்புமிகுகளின் மாலையா என்ற கேள்வி எழும்போது, இந்த ஆபத்சகாயம் ஒருபோதும் தயங்கியதில்லை!"

அது அவர் செவிலியர் தின விழாவில் பேசிய வரி. அன்றைக்குக் கைதட்டல் விழுந்த இடத்தில் ஓர் இடைவெளியும் விட்டது.

"வே, நீர் மெதுவா பேசும்" என்றார் ஆபத்சகாயம், தன்னையே 'நீர்' போட்டு. "இதெல்லாம் கொஞ்சம் பதமா செய்யணும். அமைச்சர் வாரார். விழா முடியட்டும். சனிக்கிழமை மூடிக்கிடலாம்."

"'நாளை என்பது நோயின் மொழி.' பன்னிரண்டாம் அத்தியாயம், முதல் வரி."

ஹெப்சிபா தலையாட்டினாள். அவளுக்கு அந்த வரி பிடிக்கும் என்பது தெரிந்தது. ஆவுடையப்பன் கூரையைப் பார்த்தார்.

"அந்த ஆணையை வாபஸ் வாங்கு."

"சோதிக்கிறீர்கள்! ஆறாம் விருது விண்ணப்பம், நான்காம் பத்தி: 'மேலிடத்து அழுத்தத்துக்கு நான் பணிவதுபோல் நடித்துக் கீழ் அலுவலர்களின் உறுதியைச் சோதிப்பது என் வழக்கம்.' இந்தச் சோதனையில் நான் தேறிவிட்டேன். வணக்கம்." இணைப்பை நிழலே துண்டித்தது.

ஹெப்சிபாவைப் போகச் சொல்லிவிட்டு டீனுக்கு போன் போட்டார். மிருணாளினி ஏற்கெனவே வேந்தரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ரத்து பண்ண முடியும் சார். ஒரே வழிதான். மூலத் தரவு மறுப்புப் படிவம். நீங்க கொடுத்த எழுத்துல எதெல்லாம் நடக்காததுன்னு டிக் பண்ணி அனுப்பணும். அதை எடுத்துட்டா நிழலோட முடிவு தானா மாறிடும்."

"ஏழாம் அத்தியாயத்தை மட்டும் டிக் பண்ணினா?"

"பண்ணலாம் சார்... ஆனா ஆக்சுவலி உங்களுக்குப் பேராசிரியர் பட்டம் கொடுக்கறதே ஏழாம் அத்தியாயத்துக்காகத்தான். பாராட்டுப் பத்திரத்துல முதல் வரியே அதான்."

ஆபத்சகாயத்தின் கால் மேசைக்கு அடியில் காகிதத்தில் பட்டது. சரசரவென்றது.

"வேற வழியே இல்லையாம்மா?"

டீன் ஒப்பந்தத்தைப் புரட்டினார். "இருபத்துநாலு மணி நேரத்துல நிறைவேறாத ஆணை காலாவதி ஆயிடும் சார். நாளைக்குப் பத்து மணி வரைக்கும் யாரும் வால்வைத் தொடலைன்னா போதும். நீங்க எதுவுமே செய்ய வேண்டாம்."

எதுவும் செய்யாமல் இருப்பது! அவருடைய நெஞ்சு இலேசானது. முப்பது வருடமாக அவர் தேறிய துறை அது. தொட்டி இயக்குபவர் காலையிலேயே வால்வு துருப்பிடித்து அசையவில்லை என்று சொல்லிவிட்டு போனை அணைத்துவிட்டாராம். ஆவுடையப்பன் இந்தச் செய்தியைச் சொன்னபோது அதிகாரி சிரித்தேவிட்டார். இருபது வருடத்துக்கு முன் ஒரு வால்வின் துரு அவரை வீரனாக்கியது. இன்னொரு வால்வின் துரு அவரைப் பேராசிரியர் ஆக்கப்போகிறது. அமைச்சர் ஆபீசுக்குப் போன் போட்டு, "சின்ன குழப்பம் சார், நாளைக்குப் பத்து மணிக்கெல்லாம் சரியாயிரும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை. பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை. மனைவி கோமதி நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். யாரும் வால்வைத் தொட்டுவிடக் கூடாதே என்று ஒன்பதரைக்கே பனையடித் தெருவுக்குப் போய் இறங்கினார். பந்தல் ஜோராக இருந்தது. சாலையின் இரு ஓரமும் பிளீச்சிங் பவுடர் கோலம் போட்டதுபோல் நீளக் கிடந்தது. டிஜிட்டல் பேனரில் அவர் அமைச்சருக்கு அடுத்த அளவில் சிரித்தார்.

தொட்டியின் அடியில் ஒரு பள்ளம். அதற்குள் ஹெப்சிபா. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, வால்வுச் சக்கரத்தில் இரு கையாலும் தொங்கிக்கொண்டிருந்தாள். அது இம்மியும் அசையவில்லை. மேலே பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். பத்து மணிக்குத் தொட்டியில் தண்ணீர் ஏற்றும் நாள். வால்வு திறந்தபடியே இறுகியிருந்ததால், ஏற்றியது அப்படியே தெருக் குழாயில் வரும்.

"சார் வந்துட்டாங்க!" என்று கத்தினாள் ஹெப்சிபா. "நான் சொன்னேம்லா அக்கா? சார் கண்டிப்பா வருவாங்கன்னு!"

"இவரா? குறுக்குப்பட்டிக்காரரு?" என்றாள் ஒரு பெண். "பேப்பர்ல ஒல்லியா இருந்தாரு."

"இருவது வருசம் ஆச்சுல்லா. வால்வு மட்டும் துருப்பிடிக்குமா?" என்றாள் இன்னொருத்தி.

ஆபத்சகாயம் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது முப்பத்தெட்டு. இருபத்திரண்டு நிமிடம். ஏதாவது பேசி ஒப்பேற்றிவிடலாம். அவர் இருபத்திரண்டு நிமிடத்துக்குக் குறைவாக எந்த மேடையிலும் பேசியதில்லை.

"அன்பார்ந்த தாய்மார்களே..." என்று ஆரம்பித்தார்.

"பேச்செல்லாம் பொறவு பேசலாம் சார்" என்றாள் வரிசையின் முதலில் நின்றவள். வயிறு நன்றாக முன்தள்ளியிருந்தது. குடத்தை இடுப்பில் வைக்க முடியாமல் தரையில் வைத்திருந்தாள். "நீங்க மூடுவீங்களா, மாட்டீங்களா? மூடுறதா இருந்தா நான் இப்பமே பக்கத்துத் தெருவுக்குப் போவணும். அங்க வெயிலுக்கு முன்ன போனாத்தான் தண்ணி கெடைக்கும். நடக்க முடியல. சொல்லிட்டீங்கன்னா கெளம்பிருவேன்."

"நீதான் மாடத்தியா?" என்றார்.

"ஆமா சார்."

அவர் தன்னையறியாமல் அவளுடைய கண்ணைப் பார்த்தார். நோயாளியின் கண்ணைக் கிட்டத்தில் பார்த்து எத்தனை வருடமாயிற்று என்பது நினைவில்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது. அடுத்த வாரமும் அப்படியே இருக்குமா என்பது இந்தப் பள்ளத்துக்குள் கிடந்த ஒரு துருப்பிடித்த சக்கரத்தைப் பொறுத்திருந்தது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் ஒரு காலத்தில் ராத்திரி பகலாகப் படித்து டாக்டரானோம் என்பது அவருக்குச் சங்கடமாக ஞாபகம் வந்தது.

"பக்கத்துத் தெருவுக்குப் போம்மா" என்றார். சொன்ன குரல் சின்னதாக இருந்தது. மேடைக் குரல் இல்லை.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். புத்தகத்தில் மூன்று சுற்று என்று எழுதியிருந்தார். முதல் கால் சுற்றுக்கே ஆறு நிமிடம் ஆயிற்று. "எண்ணெய் இருக்காம்மா யார்கிட்டயாவது?" என்றார். ஒரு பெண் ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்தாள். மொத்தத்தையும் ஊற்றினார்கள். ஹெப்சிபா ஒரு பக்கம் தள்ள, அவர் மறுபக்கம் இழுக்க, சட்டை அக்குளில் கிழிந்தது. 'என் உயிர் உள்ளவரை' என்ற வசனத்துக்கு மூச்சு இல்லை. "அம்மாடி", "ஐயோ", "பிடி புள்ள" என்பவைதான் வந்தன.

"சார், புத்தகத்துல மூணு சுத்துன்னு..."

"அது சின்ன வால்வும்மா" என்றார் மூச்சிரைக்க.

மொத்தம் இருபத்தாறு சுற்று. முடிந்தபோது மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. பள்ளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கை இரண்டும் கருஞ்சிவப்பாக இருந்தன.

ஆணை நிறைவேறிவிட்டது, அமைச்சர் வரவில்லை. பந்தல் பன்னிரண்டு மணிக்குப் பிரிக்கப்பட்டது. காமாலை பதினொன்று என்பது பத்தொன்பது வரைக்கும் போய் நின்றது. மாடத்தியின் கண் கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது. அடுத்த மாதம் அவளுக்கு ஆண் குழந்தை.

வால்வை மூடிய மறுநாளே, சனிக்கிழமைப் பத்திரிகையின் இரண்டாம் பக்கத்தில் செய்தி வந்திருந்தது: 'தொட்டியை மூடிய செயற்கை மூளை. அதிகாரிகள் தூங்க, நிழல் விழித்தது.' ஆபத்சகாயம் அதை நான்கு முறை படித்தார். அவர் பெயர் இருந்தது, 'என்பவரின் நிழல்' என்ற தொடருக்கு முன்னால்.

திங்கட்கிழமை டீன் மிருணாளினி பேசினார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. பேப்பர் நியூஸுக்கு அப்புறம் வேந்தர் ரொம்ப ஹேப்பி. பட்டம் உண்டு. ஆனா நாப்பத்தஞ்சு மணி நேரம் வழிகாட்டினது, அஞ்சுக்கு அஞ்சு வாங்கினது, ஆணை போட்டது எல்லாமே நிழல்தானே? அதனால பட்டம் அதுக்கு. நீங்க பெருமைப்படணும் சார்."

ஆவுடையப்பன் மேசைக்கு அடியிலிருந்து பலகையை எடுத்தார். காகிதத்தைப் பிரித்தார். "சார், இத கம்ப்யூட்டர் ரூம் கதவுல மாட்டச் சொல்லி லெட்டர் வந்திருக்கு. அளவு கச்சிதமா இருக்கு. பேரும் மாத்த வேண்டியதில்ல."

அன்று மாலை எல்லோரும் போன பிறகு, ஆபத்சகாயம் தானே கணினியின் முன் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, வாழ்க்கையில் முதல் தடவையாக, நடந்ததை நடந்தபடியே எழுதினார். துரு, தேங்காய் எண்ணெய், கிழிந்த சட்டை, இருபத்தாறு சுற்று. 'என் உயிர்' என்று ஓரிடத்தில் கை தானாக அடித்ததை அழித்தார். ஒன்றரைப் பக்கம் வந்தது. பத்தொன்பதாம் அத்தியாயம் என்று தலைப்பிட்டு நிழலுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. ஆவுடையப்பன்தான், அதோடு திரும்பி வந்த ஒன்றரைப் பக்கத்தையும் படித்துவிட்டு, எடுத்து வந்து வாசித்தார்.

"'மூலத் தரவில் சேர்க்க இயலவில்லை. வால்வு, தண்ணீர்த் தொட்டி, மக்கள் உயிர்: இச்சம்பவம் ஏழாம் அத்தியாயத்தில் ஏற்கெனவே, இதைவிடச் சிறப்பாக, இடம்பெற்றுள்ளது. இரட்டைப் பதிவு என்பதால் நீக்கப்பட்டது. இங்ஙனம், பேராசிரியர் டாக்டர் கு. ஆபத்சகாயம்.'"

ஆபத்சகாயம் உள்ளங்கையைக் கைக்குட்டையால் தேய்த்தார். ரேகைக்குள் துரு இன்னும் போகவில்லை.

"விடுங்க சார்" என்றார் ஆவுடையப்பன். "நீங்க மூடினது நெசம்னு எனக்குத் தெரியும்."

"உமக்கு எப்படிவே தெரியும்? நீர் அன்னைக்கு ஆபீஸ்லல்லா இருந்தீரு?"

"ஏழாம் அத்தியாயத்த டைப் அடிச்சது நான்தானே சார்" என்றார் ஆவுடையப்பன். "பொய்யா இருந்தா இருவத்தாறு சுத்து வராது."